அசெம்பிள் செய்த கணினியை விற்பதில் லாபம் எங்கிருந்து வருகிறது?

உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே கணினி பூட்டி (அதாவது அசெம்பிள் செய்து), இணையச் சந்தையில் கொஞ்சம் கூட்டி விற்பது புதிய யோசனை அல்ல. 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ரேம் விலை தாறுமாறாக ஏறியபோது இந்தப் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. பழைய சரக்கு வைத்திருந்தவர்கள் நல்ல காசு பார்த்தார்கள் என்கிறது ஒரு தரப்பு. அசெம்பிள் செய்து விற்கும் காலமே முடிந்துவிட்டது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டுமே உண்மைதான், ஏனென்றால் இருவரும் பேசுவது வெவ்வேறு பணத்தைப் பற்றி. பூட்டிய வேலைக்கான கூலி, மலிவாக வாங்கியதில் கிடைத்த வித்தியாசம், விலை ஏறும்வரை சரக்கைப் பிடித்து வைத்திருந்ததில் வந்த வரவு என மூன்றும் ஒரே கணினியின் விற்பனை விலைக்குள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

பூட்டும் வேலைக்குக் கூலி ஏன் தேறுவதில்லை

ஒரு நிறுவனத்தின் மதர்போர்டு இன்னொரு நிறுவனத்தின் கேபினெட்டுக்குள் சரியாக உட்காருவதற்குக் காரணம் பொது அளவுகள். மதர்போர்டின் அளவு, திருகுத் துளைகளின் இடம், எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியின் இணைப்பு வடிவம் இவற்றை வகுக்கும் ஏடிஎக்ஸ் தரத்தை இன்டெல் 1995இல் வெளியிட்டது. வீட்டு மேசையில் கணினி பூட்ட முடிவதே இதனால்தான். பூட்டும் வேலைக்கு மதிப்புக் குறைந்ததும் இதனால்தான். ஒரு ஸ்குரூடிரைவரும் ஒரு வீடியோவும் இருந்தால் யாரும் செய்யக்கூடிய வேலைக்கு யாரும் பெரிதாகப் பணம் தரமாட்டார்கள்.

புதிய பாகங்களை வைத்துப் பூட்டிய கணினியின் விலைக்கு மேலே மூன்று கூரைகள் இருக்கின்றன.

1. பாகங்களின் விலை ஊரறிந்த விஷயம். வாங்க வருபவர் உங்கள் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு பாகத்தையும் தேடி, ஐந்து நிமிடத்தில் கூட்டிவிடுவார். அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் நீங்கள் கேட்பது எதற்கு என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

2. பெரிய கணினி நிறுவனங்கள் பிராசசரையும் விண்டோஸ் உரிமத்தையும் மொத்தக் கொள்முதலில் எடுக்கின்றன. நீங்கள் சில்லறைக்கு வாங்கும் அதே பொருள் அவர்களுக்கு வெகு குறைவாகவே அடங்குகிறது.

3. அந்த நிறுவனங்கள் முழுக் கணினிக்கும் ஒரே வாரண்டி தருகின்றன. உங்களால் தரமுடிவது பாகத்துக்கு ஒன்றாக ஏழெட்டு பில்கள்.

ஆக, புதிய பாகங்களோடு போட்டிக்கு இறங்குபவர் தொடங்கும்போதே பின்தங்கி நிற்கிறார். கேபிள்களை ஒழுங்காகக் கட்டுவது, சத்தம் குறைவான விசிறிகள் போடுவது, வாங்குபவர் கேட்ட நிறத்தில் செய்து கொடுப்பது போன்றவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஆனால் அவர்கள் முன்பின் தெரியாத விற்பனையாளரிடம் அரிதாகவே வருவார்கள்.

கணக்கில் விடுபடும் வரிகள்

பாகங்களின் அடக்கவிலை 100 என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விலை 118. பதினெட்டு லாபம் என்றுதான் முதலில் தோன்றும்.

இணையச் சந்தை 10 சதவீதம் கமிஷன் எடுப்பதாகக் கொண்டால் அதில் 11.8 போய்விடும். மீதி 106.2. அட்டைப்பெட்டி, நுரை, டேப் எல்லாம் சேர்த்து 2. கூரியர் 5. கையில் நிற்பது 99.2. ஒரு திருகுகூட உங்களுக்குக் கூலி தராமல், கையிலிருந்து 0.8 போயிருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. இருபதில் ஒரு கணினி திரும்பி வந்து, அதில் 60 நட்டமாவதாக வைத்தால், ஒவ்வொரு கணினியின் தலையிலும் 3 ஏற்ற வேண்டும். எனவே நட்டமில்லாத விலையைக் கண்டுபிடிக்கும் வழி இது: அடக்கவிலை, பேக்கிங், கூரியர், திரும்பிவரும் ஆபத்துக்கான ஒதுக்கீடு நான்கையும் கூட்டி, கமிஷன் போக மிஞ்சும் பங்கால் வகுக்க வேண்டும். இங்கே 110ஐ 0.9ஆல் வகுத்தால் 122.2. அதாவது 22 சதவீதம் ஏற்றி விற்றால்தான் பூஜ்யத்தில் நிற்கலாம். எட்டு மிஞ்ச வேண்டுமானால் 131 கேட்க வேண்டும். பாகங்கள் 100க்குக் கிடைப்பது தெரிந்த ஒருவர் 131 தருவாரா?

கமிஷன் எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஈபே போன்ற சந்தைகளில் வாங்குபவர் கொடுக்கும் மொத்தத் தொகைமீது, கூரியர் கட்டணத்தையும் சேர்த்து, கமிஷன் விழுகிறது. ‘கூரியர் தனி’ என்று போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்ற எண்ணம் அங்கே செல்லாது.

நேரில் வந்து வாங்கிப்போகிறவருக்கு விற்றால் கமிஷன், கூரியர், பேக்கிங் மூன்றும் இல்லை. இந்த வேலையில் நிலைத்து நிற்கும் பலர் உள்ளூர் விளம்பரத் தளங்களையே நம்புவதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம்.

லாபம் வாங்கும்போதே முடிவாகிறது

இப்போது எண்களை மாற்றிப் பார்ப்போம். சந்தையில் 100 பெறுமானமுள்ள பழைய பாகங்கள் 60க்குக் கிடைக்கின்றன. கணினியை 105க்கே விற்கிறீர்கள், முன்பைவிடக் குறைத்து. கமிஷன் 10.5, பேக்கிங்கும் கூரியரும் 7. பழைய பாகம் என்பதால் ஆபத்துக்கான ஒதுக்கீட்டை 5 ஆக்கிக்கொள்ளலாம். மிஞ்சுவது 22.5. பூட்டும் வேலை அதேதான். மாறியது வாங்கிய விலை மட்டும்.

இந்த 40 வித்தியாசம் எங்கே கிடைக்கிறது? மூன்று ஊற்றுகள் முக்கியமானவை.

முதலாவது, முழுசுக்கும் உதிரிக்கும் உள்ள இடைவெளி. அவசரத்துக்கு விற்பவர் முழுக் கணினியாகத் தள்ளிவிடப் பார்ப்பார். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டும் ரேமும் தனித்தனியாக என்ன பெறும் என்று அவர் கணக்குப் போடுவதில்லை. அதைக் கழற்றி நல்லதை எடுத்து, வேறு கேபினெட்டில் சேர்த்து, மிச்சத்தை உதிரியாக விற்பதுதான் அனுபவசாலிகளின் வழக்கம். சில சமயம் மறுபடி பூட்டாமல் எல்லாவற்றையும் உதிரியாகவே விற்பது அதிகம் தரும். அப்படியான நேரத்தில் கணினி பூட்டியே தீருவேன் என்று அடம்பிடிப்பது பொழுதுபோக்கு, வியாபாரம் அல்ல.

இரண்டாவது, அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகள். டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள் மொத்தமாகச் சந்தைக்கு வரும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் ஆதரவுப் பட்டியல் தொடங்குகிறது. அதனால் 6, 7ஆம் தலைமுறைக் கணினிகள் நன்றாக ஓடும் நிலையிலேயே மலிந்துபோயின. இவற்றில் ஒரு எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) சிறிய கிராஃபிக்ஸ் கார்டும் போட்டு ‘கேமிங் பிசி’ என்று விற்பது பரவலாக நடக்கிறது.

இதில் இரண்டு இடறல்கள் உண்டு. இக்கணினிகளின் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் சக்தி குறைந்தது, இணைப்பும் பொதுத் தரத்தில் இருக்காது. மதர்போர்டை வேறு கேபினெட்டுக்கு மாற்றுவதும் சுலபமில்லை. கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் தானாகத் தரக்கூடிய மின்சாரம் 75 வாட்தான் என்பதால், தனி மின்கம்பி கேட்காத ஜிடிஎக்ஸ் 1650, 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போன்ற சில கார்டுகளோடு தேர்வு முடிந்துவிடுகிறது. அடுத்தது, தடையைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11 நிறுவ வழிகள் இருக்கின்றன. அப்படி நிறுவியதைச் சொல்லாமல் விற்றால், பின்னொரு நாள் அப்டேட் மறுக்கப்படும்போது வசவு உங்களுக்குத்தான் வரும்.

மூன்றாவது, பழுதானதை வாங்கிச் சரிசெய்வது. ‘ஆன் ஆகவில்லை’ என்று கைகழுவப்பட்ட கணினிகளில் கழன்ற ரேமும், காலாவதியான பயாஸும் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), செத்துப்போன எஸ்.எம்.பி.எஸ்.ஸும் காரணமாக இருப்பது உண்டு. கைத்திறனுக்கு உண்மையான கூலி கிடைக்கும் ஒரே இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

சரக்கின் வயதும் விலையின் திசையும்

கணினிப் பாகத்தைக் கையில் வைத்திருப்பது வழக்கமாகவே நட்டமான காரியம். அடுத்த தலைமுறை வந்தால் விலை இறங்கும். அதிர்ச்சியான சரிவுகளும் உண்டு: 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் சரிபார்ப்பு முறையை மாற்றியதும் அதற்காக ஓடிக்கொண்டிருந்த கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. நாணயம் ஈட்ட ஓடிய இந்தச் ‘சுரங்க’க் கார்டுகள் பழைய சந்தையில் குவிந்தன. அதிக விலைக்கு வாங்கி அடுக்கியிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2025இல் நடந்தது இதற்கு நேரெதிர். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவைக்கு நினைவகத் தயாரிப்பாளர்கள் தங்கள் ஆலைகளைத் திருப்பினார்கள். சில்லறைக் கடைகளில் புதிய தலைமுறையான டிடிஆர்5 ரேமின் விலை சில மாதங்களில் இரு மடங்கைத் தாண்டியது. உற்பத்தி குறைந்துவந்த முந்தைய தலைமுறை டிடிஆர்4உம் கூடவே ஏறியது. டிசம்பரில், குரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அறிவித்தது.

முன்பே வாங்கி வைத்திருந்தவருக்கு இது யோகம். அன்றைக்கு ரேம் வாங்கிப் பூட்டியவருக்கோ அடக்கவிலை எகிறியது. வாங்குபவர் கையில் இருக்கும் தொகை அதற்கேற்ப எகிறவில்லை. பார்த்த காசு பூட்டியதில் வந்ததல்ல, ரேமில் வந்தது. அந்த ரேமைத் தனியாக விற்றிருந்தாலும் அதே காசுதான், கூரியர் செலவு மட்டும் மிச்சமாகியிருக்கும்.

வாங்கும்போதும் பூட்டியபின்னும் சோதிக்க வேண்டியவை

பிராசசர் பெயர் ஏமாற்றும். 2011இல் வந்த கோர் ஐ7-2600க்கும் 2022இல் வந்த கோர் ஐ3-12100க்கும் நான்கு கோர், எட்டுத் திரெட் என்ற எண்ணிக்கை ஒன்றுதான். வேகத்தில் ஐ3 பல படி மேலே. ‘ஐ7 கேமிங் பிசி’ என்று மாடல் எண் இல்லாமல் எழுதப்பட்ட விளம்பரங்கள் வாங்குபவரின் இந்த அறியாமையை நம்பித்தான் எழுதப்படுகின்றன. முழு மாடல் எண்ணை எழுதும் விற்பனையாளருக்குக் கேள்விகள் குறைவாக வரும், திரும்பி வரும் கணினிகளும் குறையும்.

பழைய பாகங்களில் கவனிக்க வேண்டியவை சில:

1. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறால் நிலையின்மை ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோடும் (பயாஸ் வழியாகப் பிராசசருக்குப் போகும் திருத்தம்) அதற்குப் பின் வந்தவையும் அதைத் தடுக்கின்றன, ஆனால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சில்லைக் குணமாக்குவதில்லை. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. பழையதாக வாங்கினால் பயாஸைப் புதுப்பித்து, மணிக்கணக்கில் பாரம் ஏற்றிப் பார்க்காமல் விற்கக் கூடாது.

2. மட்டமான பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, உயர்ந்த மாடல்போலக் காட்டும் மோசடி உண்டு. ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருள் போலி என்விடியா கார்டுகள் பலவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். பெயரை மட்டும் பார்க்காமல் ஒரு விளையாட்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

3. எஸ்எஸ்டியில் இதுவரை எழுதப்பட்ட அளவையும் ஆரோக்கிய சதவீதத்தையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். ரேமுக்கு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை ஓரிரவு ஓடவிடலாம்.

எஸ்.எம்.பி.எஸ். பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது அங்கேதான். ‘80 பிளஸ்’ முத்திரையைத் தரச்சான்றாகப் பலர் நினைக்கிறார்கள். 2004இல் தொடங்கிய அந்தத் திட்டம் அளப்பது மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டும். 115 வோல்ட்டில் வெண்கல (புரோன்ஸ்) முத்திரை வாங்க 20, 50, 100 சதவீதப் பாரங்களில் முறையே 82, 85, 82 சதவீதத் திறன் காட்டினால் போதும். உள்ளே எந்தத் தரத்துக் கெபாசிட்டர், ஷார்ட் ஆனால் தானாக நிற்குமா, கோடைச் சூட்டில் எப்படி ஓடும் என்பதற்கு முத்திரையில் பதில் கிடையாது. சோதனையே 23 டிகிரி செல்சியஸில்தான் நடக்கிறது. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். சாகும்போது கூடவே மதர்போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். விற்றவருக்கு வரும் புகார்களில் இதைவிட மோசமானது வேறில்லை.

உயர்ரகக் கார்டுகளில் மின் இணைப்பையும் பார்க்க வேண்டும். 600 வாட் வரை கடத்தும் 12விஹெச்பிடபிள்யூஆர் இணைப்பு உருகியதாக 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வாங்கியவர்களிடமிருந்து புகார்கள் வந்தன. பிறகு 12வி-2x6 என்ற திருத்திய வடிவம் வந்தது. பிளக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே மூட வேண்டும்.

வாங்கிய கணினியில் முந்தைய உரிமையாளரின் படங்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் கிடக்கும். ஃபார்மட் செய்வது அழிப்பது ஆகாது. எஸ்எஸ்டிக்கு அதன் தயாரிப்பாளர் தரும் ‘செக்யூர் எரேஸ்’ கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

விண்டோஸ் உரிமம்

சில்லறை உரிமத்தை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். ஓஇஎம் உரிமம், அதாவது கணினி தயாரிப்பவருக்கான உரிமம், முதலில் நிறுவப்பட்ட கணினியோடு, நடைமுறையில் அதன் மதர்போர்டோடு, கட்டப்பட்டது. பூட்டி விற்பவர்களுக்கென்றே ஓஇஎம் சிஸ்டம் பில்டர் உரிமம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் விண்டோஸ் சம்பந்தமான உதவிக்கு வாங்கியவர் மைக்ரோசாஃப்ட்டைத் தேட முடியாது, உங்களைத்தான் தேடுவார்.

இணையத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் ‘கீ’களில் பல, நிறுவனங்களுக்குக் கொடுத்த மொத்த உரிமங்களிலிருந்து நழுவியவை. இன்று ஆக்டிவேட் ஆகும், நாளை ரத்தாகலாம். நேர்மையான வழிகள் மூன்றே: உரிமத்தை முறையாக வாங்கி விலையில் சேர்ப்பது, ஓஎஸ் (இயங்குதளம்) இல்லாமல் விற்பதாகச் சொல்லி விற்பது, லினக்ஸ் போட்டுக் கொடுப்பது. அலுவலகக் கணினிகளுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. அவற்றின் பயாஸிலேயே உரிமம் பதிந்திருப்பதால் தனிச் செலவு இல்லை.

பார்சல்

கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கனஅளவு எடை, உண்மை எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம் போடுவது பரவலான முறை. கேபினெட்டைச் சுற்றி நுரை வைத்த 65 x 60 x 40 அளவுப் பெட்டி 31.2 கிலோவாகக் கணக்காகும். உள்ளே இருக்கும் கணினி பன்னிரண்டு கிலோதான் என்று வாதிட்டுப் பயனில்லை. சிறிய கேபினெட்டைத் தேர்ந்தெடுப்பது அழகுக்காக மட்டுமல்ல.

பெட்டி விழும்போது உள்ளே தொங்கும் கனமான பாகம் தன் எடையாலேயே பிய்த்துக்கொள்ளும். பிராசசரைக் குளிர்விக்கும் நாக்டுவா என்ஹெச்-டி15 கூலர் இரண்டு விசிறிகளோடு 1.32 கிலோ. பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகளும் கனமானவைதான், அவற்றைத் தாங்குவது ஸ்லாட்டும் ஓரிரு திருகுகளும் மட்டுமே. கார்டைக் கழற்றி, ஆன்டிஸ்டாடிக் பையில் போட்டு, அதே பார்சலில் தனிப்பெட்டியாக வைப்பது பாதுகாப்பு. திரும்பச் செருகும் வேலை வாங்குபவருடையது ஆகிவிடும் என்பதே அதன் குறை. அது பிடிக்காவிட்டால் கேபினெட்டின் உள்ளே விரியும் நுரைப்பைகளை அடைத்து அனுப்பலாம். கண்ணாடிப் பக்கவாட்டுக் கேபினெட்டுக்கு எந்த ஏற்பாடும் முழு உத்தரவாதம் தராது.

பணம் வந்தபிறகும் விற்பனை முடிவதில்லை

விசா அட்டையில் பணம் கட்டியவர் பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் வரை மறுப்புத் தெரிவித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பேபாலில் புகார் கொடுக்க 180 நாள். அதுவரை அந்தப் பணத்தை உங்களுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த கணினிக்கான பாகங்களை அந்தப் பணத்திலேயே வாங்கிவிடுபவர்கள், ஒரே ஒரு மறுப்பு வந்தாலும் திணறுகிறார்கள்.

உள்ளே இருந்த நல்ல கார்டை எடுத்துக்கொண்டு, பழுதான கார்டைப் போட்டுத் திருப்பி அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் படமெடுத்து வைப்பது, கேபினெட்டின் திருகின்மேல் பிரித்தால் கிழியும் ஸ்டிக்கர் ஒட்டுவது, ஓடும் நிலையில் கணினியைக் காட்டி அப்படியே பேக்கிங் வரை வெட்டாமல் வீடியோ எடுப்பது ஆகியவையே தற்காப்பு. சந்தைகள் வழக்கமாக வாங்குபவர் பக்கம் சாயும் என்பதால், ஆதாரம் இல்லாத விற்பனையாளர் வெல்வது கடினம்.

வாரண்டியைப் பொறுத்தவரை, பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்கு வழக்கமாக மூன்று ஆண்டு உண்டு. பெட்டியில்லாத ‘டிரே’ பிராசசருக்கு அதை விற்ற கடைதான் பொறுப்பு. சில நிறுவனங்கள் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே வாரண்டி தரும், சில சீரியல் எண்ணை வைத்து யாருக்கும் தரும். எந்தப் பாகத்துக்கு எது என்பதை விற்கும்போதே எழுதிக் கொடுத்துவிடலாம்.

எப்போது இது சட்டத்தின் கண்ணில் படுகிறது

சொந்தக் கணினியை விற்பதும் விற்பதற்காகவே கணினி பூட்டுவதும் ஒன்றல்ல. இரண்டாவதைத் தொடர்ந்து செய்பவரை வணிகராகவே பல நாடுகளின் சட்டங்கள் பார்க்கின்றன. வருமானவரியோடு அது நிற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகரிடம் இணையத்தில் வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பித் தரலாம். ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டதைக் காட்டும் சிஇ முத்திரையுள்ள பாகங்களைச் சேர்த்துப் பூட்டியதாலேயே முழுக் கணினிக்கும் அந்தத் தகுதி வந்துவிடாது. பூட்டித் தன் பெயரில் விற்பவர்தான் அங்கே தயாரிப்பாளர். அமெரிக்காவில் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி சற்று இளகியது. அங்கீகரிக்கப்பட்ட பாகங்களால் பூட்டினால், சோதிக்கப்பட்ட பாகங்களிலிருந்து பூட்டப்பட்டது, முழுக் கணினி சோதிக்கப்படவில்லை என்று லேபிள் ஒட்டி விற்க அது இடம் தருகிறது. இணையச் சந்தைகளும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விற்பவர்களின் விவரங்களை வரித்துறைக்கு அனுப்பும் விதிகள் பல இடங்களில் வந்துவிட்டன. எனவே முதல் கணினியிலிருந்தே கொள்முதல் ரசீதுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். 60க்கு வாங்கியதற்கு ஆதாரம் இல்லையென்றால், மிஞ்சிய 22.5க்குப் பதிலாக 105 முழுவதையும் வருமானமாகப் பார்க்க வரித்துறைக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.